ஏட்டுச் சுரைக்காய்

இரவு பத்து மணிக்கு மேல், கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைத்து, சமையலறை டியூப் லைட்டை அணைத்த பிறகுதான் நான் சமையல் புத்தகத்தைத் திறப்பேன். மறுநாள் என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்காக அல்ல. மறுநாள் சாம்பாருக்கான பருப்பை அதற்குள் அளந்து வைத்திருப்பேன். சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிட்டு, இரண்டு கிலோ எடைக்குக் குறையாத அந்தப் புத்தகத்தை மேஜைமேல் கிடத்தி, இரு பக்கங்களையும் அடைத்துக்கொண்டு விரியும் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். நீண்ட மரமேஜை. துவைத்து இஸ்திரி போடாமல் விரித்த லினன் துணி. கையால் பிய்த்த ரொட்டி, அதன் துகள்கள், பாதி உருகிய வெண்ணெய், தோல் சீவாத பேரிக்காய்கள். பின்னால் தெளிவில்லாமல் ஒரு தோட்டம். மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. எவரும் பேருந்தைப் பிடிக்க எழுந்து ஓடப் போவதில்லை என்பது அந்த நாற்காலிகள் கிடக்கும் விதத்திலேயே தெரிகிறது.

புகழ்பெற்றவர்கள் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விருந்தையும் பளபளப்பான தாளில் படங்களாக அச்சிட்டு வெளியிடும் புத்தகங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் இப்படித்தான் வாசித்து வருகிறேன். சமைக்காத சமையல் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அலுவலகத்தில் மூத்த அக்கா ஒருவர், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார். நல்ல பழமொழிதான். ஆனால் சுரைக்காய் என்றாலே அது கறிக்காகத்தான் என்று அது முடிவு செய்துவிடுகிறது. கறிக்கான சுரைக்காய் இங்கே சிங்கப்பூரில் தேக்காச் சந்தையில் கிடைக்கிறது, வாங்கி வந்து சமைக்கிறேன், வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம். ஏட்டில் இருக்கும் சுரைக்காயிடம் நான் கேட்பது வேறொன்று.

என் அலுவலகம் சாமர்செட் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அதனால் ஆர்ச்சர்ட் நூலகம் எனக்கு மதிய உணவு இடைவேளையிலேயே எட்டிவிடும். 1999-ல் நீ ஆன் சிட்டி கட்டடத்தில் அது திறக்கப்பட்டபோது நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். 2007-ல் அதை மூடினார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2014-ல், ஆர்ச்சர்ட் கேட்வே கட்டடத்தில் வடிவமைப்பு, வாழ்க்கைமுறை நூல்களுக்கான நூலகமாக மீண்டும் திறந்தார்கள். அன்று முதல் என் தோள்பையின் எடை கூடிப்போயிற்று. சாமர்செட்டில் ஏறி, தோபி காட்டில் மாறி, செங்காங் வந்து இறங்கும்வரை அந்தப் பையை மடியில் வைத்திருப்பேன். ரயிலில் திறந்து பார்ப்பதில்லை. நின்றுகொண்டு பார்க்கக்கூடிய புத்தகங்கள் அல்ல அவை.

நூலகப் புத்தகங்கள் ஓர் உண்மையைச் சொல்லிவிடும். சமையலுக்குப் பயன்படும் புத்தகத்தில் கறை இருக்கும். லியோங் யீ சூ அம்மையாரின் 1976-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ச் சமையல் நூலை ஒருமுறை இரவல் எடுத்தபோது, அதில் மஞ்சள் விரல்தடம் பதியாத பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. தேங்காய்ப்பால் தெறித்து இரண்டு பக்கங்கள் ஒட்டியே போயிருந்தன. நான் சொல்லும் பிரபலங்களின் புத்தகங்கள் எத்தனை பேர் கை மாறினாலும் அப்படியே இருக்கின்றன. ஓரங்கள் மட்டும் மெத்தென்று ஆகியிருக்கும். அப்படியானால், இந்தத் தீவில் என்னைப் போலவே இரவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எதைப் பார்க்கிறோம்? முதலில் வெளிச்சத்தை. இது எனக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின. நல்ல உணவுப் படத்தில் வெளிச்சம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரும். ஒரு சன்னலுக்கு அருகே தட்டை வைத்து, எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டையொன்றை நிறுத்தி நிழலை இலேசாகத் தணித்து, பிளாஷ் போடாமல் எடுப்பார்கள். அப்போதுதான் ரொட்டியின் மேல்தோலில் உள்ள ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு சிறு நிழல் கிடைக்கும். சூப்பிலிருந்து எழும் ஆவி கண்ணுக்குத் தெரியும். நிறம் மங்கிவிடக் கூடாதென்று காய்களை அரைவேக்காட்டில் இறக்கி, மேலே எண்ணெய் தடவி, தண்ணீர் தெளித்துவிடுவதும் உண்டு. இவையெல்லாம் தெரிந்த பிறகும் என் இன்பம் ஒரு துளியும் குறையவில்லை. தெருக்கூத்தில் அரிதாரம் பூசியிருப்பது தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம்.

நமக்கு இங்கே அந்த வெளிச்சம் கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. நடுப்பகலில் வெயில் தலைக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது. எந்தப் பொருளின் நிழலும் அதன் காலடியிலேயே சுருண்டுவிடுகிறது. பொது நடைபாதையைப் பார்த்த சன்னலுக்குத் திரை போட்டாக வேண்டும், பின்பக்கச் சன்னலைத் துணி உலர்த்தும் கழிகள் மறைக்கின்றன. டிசம்பரில் மழை பெய்தால் அதுதான் நமக்குக் குளிர்காலம். அந்தப் புத்தகங்களிலோ நான்கு பருவங்களும் ஒழுங்காக வந்து போகின்றன. அக்டோபரில் ஆப்பிள் கூடை வருகிறது, மரங்கள் சிவக்கின்றன, பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினால் சன்னலுக்கு வெளியே பனி. காலம் நகர்வதைக் கண்ணால் காட்டும் அந்த ஒழுங்கு, ஒரே வெப்பத்தில் ஆண்டுகள் ஒன்றோடொன்று கரைந்துபோகும் ஊரில் வாழ்பவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பருவங்களோடு வாழ்பவர்களுக்கு விளக்கிச் சொல்வது கடினம்.

அடுத்தது, அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள். இந்த வகைக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தது 1982-ல் வெளிவந்த மார்த்தா ஸ்டூவர்ட்டின் 'என்டர்டெய்னிங்' என்று துணிந்து சொல்வேன். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், வெஸ்ட்போர்ட் என்னும் ஊரில், 1805-ல் கட்டிய ஒரு பண்ணைவீட்டை 1971-ல் கணவரோடு வாங்கிச் செப்பனிட்டு, 1976-ல் விருந்துச் சமையல் தொழிலைத் தொடங்கி, அதிலிருந்து எழுந்த புத்தகம் அது. அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். நியூ ஜெர்சியின் நட்லி என்ற ஊரில், போலந்து வம்சாவளிக் குடும்பமொன்றின் ஆறு பிள்ளைகளில் ஒருவர். சமையலும் தையலும் தாயிடம் கற்றவர். இந்த விவரம் தெரிந்த பிறகு அந்தப் படங்களை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அடுக்கி வைத்த செப்புப் பாத்திரங்களுக்குப் பின்னால், நெருக்கமான வீட்டில் வளர்ந்த ஒரு பெண் தனக்கென்று கற்பனை செய்துகொண்ட வீடு தெரிந்தது. அவரும் ஒரு காலத்தில் என்னைப் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஐனா கார்டன். நான் கணக்கு எழுதுபவள். அவரும் கணக்கிலிருந்து வந்தவர். வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தில் அணுசக்தி தொடர்பான செலவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1978-ல் அதை விட்டுவிட்டு நியூயார்க் மாநிலத்தின் கடலோர ஊர் ஒன்றில் சிறிய உணவுப்பொருள் கடையை வாங்கினார். முதல் புத்தகம் வந்தது 1999-ல், கடை தொடங்கி இருபத்தோர் ஆண்டு கழித்து. மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு ஒட்டாமல் இரவு எட்டு மணிவரை அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் நாள்களில் நான் அவருடைய புத்தகத்தைத்தான் எடுப்பேன். அந்த வெள்ளைக் கிண்ணங்களுக்குள் ஒரு கணக்கரின் மனம் இருக்கிறது. எல்லாம் ஒட்டிப்போன கணக்கு மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு சமையல் புத்தகமும் உண்டு. அம்மா திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த, மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951-ல் முதலில் வந்த நூல். படம் கிடையாது, ஆழாக்குக் கணக்கிலும் பலக் கணக்கிலும் அளவு சொல்லும். அதன் தலைப்பில் இரண்டு வினைகள் இருக்கின்றன. சமைத்தால்தான் பார்க்கலாம் என்கிறது அது. நான் இரவல் எடுத்து வரும் புத்தகங்கள் முதல் வினையை விட்டுவிட்டுப் 'பார்' என்று மட்டும் சொல்கின்றன. அம்மா அந்தப் புத்தகத்தால் எங்களை வளர்த்தார். அதன் அட்டை போய், நடுவில் தைத்து, மறுபடி அட்டை போட்டிருக்கிறது. அதற்குரிய மரியாதையில் இவை பங்கு கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை எல்லையைத் தாண்டிப் பார்த்தேன். ஆட்டுத்தொடையை ரோஸ்மேரி இலையோடு ஓவனில் வைத்துச் சுடும் ஒரு படம். அதை ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் அப்படியே செய்தேன். சுவை நன்றாகவே இருந்தது, மகன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஓவன் தட்டில் பிடித்த கொழுப்பைச் சுரண்டியதுதான். ஒரு படத்தை நான் சமைத்துச் செலவழித்துவிட்டேன் என்று தோன்றியது. அப்படி இன்னொன்றைச் செலவழிக்க மனம் வரவில்லை.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலியால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பன்னிரண்டு நாற்காலி மேஜையைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை பாத்திரத்தையும் யார் கழுவுறது?"

எழுபது வயதைத் தாண்டியவர், அறுபது ஆண்டுகள் பாத்திரம் கழுவியவர் கேட்ட கேள்வி அது. நான் உடனே பதில் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருந்த நன்றியுரையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். படம் எடுத்தவர், உணவை அழகுபடுத்தியவர், மேஜையும் துணியும் தேடிக் கொண்டுவந்தவர், சமையல் குறிப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்து சோதித்தவர்கள், தோட்டக்காரர், வீட்டு உதவியாளர்கள் என்று இருபது பேருக்கு மேல் பெயர் இருந்தது. "அப்ப சரி," என்றார் அம்மா. "ஒத்தைப் பொம்பளையால ஆகிற காரியமில்லையேன்னு பார்த்தேன்." அன்று முதல் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நன்றியுரையை முதலில் படிப்பது என் வழக்கமாகிவிட்டது. படத்தில் வேர்வை இல்லை. வேர்வை முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957-ல் நூலாக வந்த தம் கட்டுரைகளுள் ஒன்றில் இத்தகைய படங்களைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். 'எல்' என்ற பெண்கள் இதழில் வண்ணப் படமாக வந்த உணவுகளை அவர் எடுத்துக்கொண்டார். வழவழப்பான கூழ்களாலும் குழம்புகளாலும் மேற்பரப்பை மூடி அழகு செய்த அந்த உணவு கண்ணுக்கானதே ஒழிய வாய்க்கானது அன்று. அந்த இதழின் வாசகர்கள் எளிய வருவாய் உள்ளவர்கள். வாங்கும் வசதி படைத்தவர்கள் படிக்கும் இதழ்களில்தான் உண்மையில் சமைக்கக்கூடிய குறிப்புகள் வருகின்றன என்பது அவர் வாதம். அவர் கண்டது சரியானது. வசதி உள்ளவருக்குக் குறிப்பு, இல்லாதவருக்குப் படம் என்ற பங்கீடு இன்றும் மாறிவிடவில்லை. ஆனால் பார்ப்பவரை ஏமாந்தவராகவே அவர் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குக் கனெடிகட்டில் பண்ணைவீடு வராது என்பது எனக்குத் தெரியும். படத்தில் இருப்பதைக் கையில் பிடிக்க நான் ஏங்கவில்லை. அரை மணி நேரம் என் கண், கழுவித் துடைக்க வேண்டிய எதையும் தேடாமல் ஒரு மேஜையின் மேல் தங்கியிருக்கிறது. நாள் முழுவதும் அதற்கு அந்த உரிமை கிடைப்பதில்லை.

இதற்குத் தமிழில் பழைய வழியும் ஒன்று இருக்கிறது. ஆற்றுப்படை நூல்களில், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியில் பசியோடு வரும் இன்னொருவனிடம் தான் கண்ட விருந்தை விவரிக்கிறான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டுச் சோற்றை 'விரலென நிமிர்ந்த நிரலமை புழுக்கல்' என்கிறார் முடத்தாமக் கண்ணியார். முனை முறியாத அரிசி, ஒவ்வொரு பருக்கையும் விரல் போல நிமிர்ந்து, வரிசை குலையாமல் நிற்கிறது. கேமரா இல்லாத காலத்தில் எடுத்த உணவுப் படம் என்றே அதைச் சொல்லலாம். கேட்பவன் வயிற்றில் அந்தச் சோறு விழவில்லை. ஆனாலும் அவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் முதலில் பாணனின் வீட்டு அடுக்களை வருகிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையைக் கவ்வ, வலி பொறுக்காமல் ஈன்ற நாய் குரைக்கும் பொலிவற்ற அடுக்களை அது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, புறம் பேசுவோர் பார்த்துவிடக் கூடாதென்று வாசற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறார்கள். பிறகு வள்ளல் நல்லியக்கோடனின் விருந்து வருகிறது. அங்கே சமைத்த பல்வேறு உணவுகள் வீமன் இயற்றிய நுண்பொருள் நூலின் நெறி வழுவாமல் சமைத்தவை என்கிறார் நல்லூர் நத்தத்தனார். காண்டவ வனத்தைத் தீக்கு ஊட்டிய அருச்சுனனின் அண்ணன் எழுதிய சமையல் நூல் அது. புகழ்பெற்ற ஒருவரின் பெயரால் வழங்கும் சமையல் புத்தகம் நமக்குப் புதிதல்ல என்று அந்த வரியைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அதைவிட என்னை நிறுத்தியது அந்த மூடிய கதவு. வறுமை கதவை அடைத்துக்கொள்கிறது. செழிப்பு தன் சமையலறையைத் திறந்து காட்டுகிறது. யாரோ தம் வீட்டு அடுக்களையை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கும்போது, உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வருவதை நான் விருந்தோம்பலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கைப்பேசியில் இதைவிட அழகான படங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவே என்று மகன் சொல்வான். இருக்கின்றன. ஆனால் அவை நிற்பதில்லை, முடிவதும் இல்லை. புத்தகத்துக்குப் பின்னட்டை இருக்கிறது. அதை மூடிவிட்டு உறங்கப் போகலாம்.

கேள்வி கேட்ட இரவுக்குப் பிறகு அம்மாவும் என்னோடு உட்காரத் தொடங்கினார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, தேவைப்படவும் இல்லை. கேக்குகளையும் சாலட்டுகளையும் வேகமாகத் தள்ளிவிடுவார். ஒரு புத்தகத்தில் மளிகை அறையின் படம் ஒன்று இருந்தது. தரையிலிருந்து கூரைவரை மரத்தட்டுகள், கண்ணாடி ஜாடிகளில் பயறும் மாவும் காய்ந்த பழங்களும், ஒரு மூலையில் சாய்த்து வைத்த சிறிய ஏணி. அந்தப் பக்கத்தில் அவர் கையை வைத்துவிட்டார்.

"உக்கிராணம்," என்றார்.

கும்பகோணத்துக்கு அருகே அம்மாவின் பாட்டி வீட்டில் அப்படியோர் அறை இருந்ததாம். வீட்டை விற்று, இடித்து, அரை நூற்றாண்டு ஆகிறது. எங்கள் வீட்டிலோ மளிகை இருப்பது, வீட்டுக்குள்ளேயே குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பாகக் கட்டிய பாம் ஷெல்டர் அறையில்தான். சன்னலில்லாத கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, உள்ளே மைலோ டின்களில் துவரம்பருப்பும் உளுந்தும். பாட்டி வீட்டு உக்கிராணத்தை எவரும் படம் எடுத்து வைக்கவில்லை. அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசியதும் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. அந்த அமெரிக்க ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, அன்று அவர் சொன்னார். நுழைந்ததும் இடப்பக்கம் நெல் குதிர். அதையடுத்துப் புளிப்பானை, கல் உப்பு மரவை. உறியில் நெய்ச்செம்பு. வடகமும் வற்றலும் மேல்தட்டில், பூனைக்கு எட்டாத உயரத்தில். ஊறுகாய்ச் சாடிகளுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, மாதவிலக்கு நாளில் யாரும் தொடக் கூடாதென்று பாட்டி வகுத்த சட்டம். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் கொஞ்சம் இறுகியது. சிறுமியாக இருந்தபோது அந்த வாசற்படியில் தான் நிறுத்தப்பட்டதையும் சொன்னார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இருபத்தொரு நாளில் பத்தொன்பது நாள் போயிருந்தது. நான் கணக்குக் குறிப்பேட்டை எடுத்து, அறையின் நீள அகலத்தைக் கேட்டு, கோடு போட்டு வரைய ஆரம்பித்தேன். குதிர் இங்கே, பானை இங்கே, உறி இங்கே.

"வெளிச்சம் எப்படி வரும்மா?"

"கிழக்குச் சுவத்துல சின்னதா ஒரு பலகணி. காலைல மட்டும்தான். ஒரு பக்கமா வந்து புளிப்பானை மேல விழும்," என்று சொல்லிவிட்டு, நான் வரைந்த சன்னல் சற்றுப் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு என்றார்.